நீலப்புள்ளியை மட்டும் நம்பி நடக்காதை

அன்பு மகள்,

நீ அனுப்பின படம் பாத்தம். இங்கிலாந்தில ஈடேல் ஸ்டேஷன்ல இறங்கி கிண்டர் ஸ்கவுட் மலை ஏறி இறங்கினதாம், மேப்பில சிவப்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது, அம்மா அதைப் பாத்திட்டு இதென்ன கோலம் பிழைச்ச மாதிரி கிடக்கு எண்டு கேட்டா. அது அவள் நடந்த தடமப்பா, போன் தானா கீறினது எண்டன். உடன "தனியவோ போனவள்?" அவ்வளவுதான், அண்டு முழுக்க வீட்டில அந்தக் கதைதான்.

புத்தி சொல்ல எழுதேல்லை, எனக்கு நடந்த வெக்கக்கேட்டைச் சொல்லத்தான். பெக்கோ ட்ரெயில் எண்டு மலைநாட்டு நடைபாதை ஒண்டு கேள்விப்பட்டிருப்பாய், கண்டி ஹந்தானையில தொடங்கி நுவரெலியாவில முடியுது, 22 பகுதி, 300 கிலோமீட்டர் வரும். முழுசும் எங்க, ஒரு துண்டாவது நடப்பமெண்டு போன மாசம் பழைய ஒஃபிஸ் ஆக்கள் ரெண்டு பேரோட ஹப்புத்தளைக்குப் போனனான். தினமும் பின்னேரம் வெள்ளவத்தை மரைன் டிரைவில நடக்கிற ஆள் நான், பக்கத்தில கடல் இருக்குமட்டும் துலையவே ஏலாது, அதால பெரிய நடைகாரன் எண்டு ஒரு நினைப்பு. கையில குடை, பிஸ்கட் பக்கெட், போன்ல ஒரு மேப் ஆப், வேற ஒண்டுமில்லை.

தேயிலைக்குள்ள ஒரு மணித்தியாலம் நல்லா நடந்தம், பிறகு புகார் மூடிச்சு, சிக்னலும் போச்சு. போனை எடுத்துப் பாத்தா நீலப்புள்ளி மட்டும் நிக்குது, சுத்திவர மேப்பே இல்லை, வெறும் சாம்பல் கட்டம். சிக்னல் இல்லாட்டி ஜிபிஎஸ்ஸும் வேலை செய்யாது எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சனான், பிறகுதான் விளங்கினது, அது 20,000 கிலோமீட்டருக்கு மேல சுத்துற சட்டலைட்டுகளில இருந்து நேர வாறது, டேட்டா தேவையில்லை, ஆனா மேப் படம் டவரால வாறது. ஆக நான் எங்க நிக்கிறன் எண்டு போனுக்குத் தெரியும், அந்த இடத்தில என்ன இருக்கெண்டு தெரியாது. வீட்டில வைஃபையில மேப்பை முதலே இறக்கி வச்சிருந்தா இந்தக் கூத்தே இல்லை. இப்ப ஓர்கானிக் மேப்ஸ் எண்ட ஆப் போட்டிருக்கிறன், நாட்டு மேப் முழுக்க போனுக்குள்ளயே கிடக்கு.

கொஞ்சத்தால சிக்னல் வந்து மேப்பும் வந்துது, அதில ஒரு பாதை இருந்துது, நேர கீழ. அதைப் பிடிச்சுப் போனா ஒரு கானோட முடியுது, அங்கால மண் சரிஞ்சு பள்ளம். கொழுந்து எடுத்துக்கொண்டு நிண்ட ஒரு அம்மா கூப்பிட்டா, "அந்தப் பக்கம் போகாதீங்கய்யா, மழைக்கு இடிஞ்சு நாளாச்சு, இப்புடி எட்டாம் நம்பர் மலையைச் சுத்தி லயத்துக்குப் போயிருங்க." போனைக் காட்டினன், இதில பாதை இருக்கெண்டு. திரும்பியும் பாக்கேல்லை மனுசி, "அதுல இருக்கும்" எண்டா.

உன்ர ஊரில மேப் எங்கடயை விடத் திறம் எண்டு தெரியும். அங்கத்தை அரசாங்க மேப் நிறுவனம் ஓர்ட்னன்ஸ் சர்வே 1791 இல இருந்து கீறிக்கொண்டிருக்கு, எங்கட நில அளவைத் திணைக்களமும் 1800 இல அதே வெள்ளைக்காரன் தொடங்கினதுதான். அவங்கட எக்ஸ்ப்ளோரர் மேப் 1:25,000, நாலு சென்ரிமீட்டர் ஒரு கிலோமீட்டர், சட்டப்படி நடக்கக்கூடிய பாதையெல்லாம் பச்சைக் குத்துக்கோட்டில இருக்கும். கடதாசி மேப் ஒண்டு வாங்கி பையில வை, சார்ஜ் இறங்காது. ஆப்பில கிடக்கிற கோடு எல்லாம் நடக்கிற பாதை இல்லை, யாரும் கீறலாம்.

தூரத்தை மட்டும் பாத்து நேரம் கணக்குப் பண்ணாதை. நெய்ஸ்மித் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் 1892 இல சொன்ன கணக்கு இண்டைக்கும் சரி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏறினா மேல இன்னொரு மணித்தியாலம். எங்களுக்கு ரெண்டு மடங்கு வந்துது, அது வயசு.

குளிருக்குள்ள பற்றரி கெதியா இறங்குமாம், போனை ஜக்கெற்றுக்குள்ள உடம்போட வை, ஏரோப்ளேன் மோட்ல போட்டாலும் நீலப்புள்ளி நிக்கும், பவர் பேங்க் கட்டாயம். இன்னொண்டு, அங்கத்தை அவசர நம்பர் 999 க்கு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பலாம், ஆனா முதலே பதியோணும், 'ரெஜிஸ்டர்' எண்ட இங்கிலிஷ் சொல்லை 999 க்கு அனுப்பினா அவங்கள் வழி சொல்லுவாங்கள். இண்டைக்கே செய். கோல் எடுபடாத இடத்தில எஸ்எம்எஸ் சிலநேரம் போகும்.

மற்றது, வாட்ஸ்அப்பில லைவ் லொகேஷன் எட்டு மணித்தியாலத்துக்குப் போட்டுவிட்டனீ எல்லோ, நல்ல எண்ணம்தான், ஆனா சிக்னல் இல்லாத பள்ளத்துக்க நீ போக அது நிண்ட இடத்திலயே நிண்டுட்டுது. ரெண்டு மணித்தியாலம் அம்மா அதையே பாத்துக்கொண்டு இருந்தா, உலையில அரிசி குழைஞ்சு கஞ்சியாப் போச்சு, இராச்சாப்பாடு எங்களுக்கு அதுதான். இனி அது வேண்டாம். போக முதல் ரூட்டின்ர ஜிபிஎக்ஸ் ஃபைலை, அதுதான் மேப் ஆப்பில திறக்கிற தடக்கோட்டை, எனக்கு அனுப்பு, எத்தினை மணிக்குத் திரும்புவாய் எண்டும் எழுது, நான் இஞ்ச போன்ல போட்டு அம்மாவுக்கு இப்ப இந்த வளைவில நிப்பாள், இப்ப தேத்தண்ணி குடிப்பாள் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். வாற சனிக்கிழமை எந்தப் பக்கம்?

அப்பா