பொக்லைனில் ஏறி உட்கார ஒரு நாள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆண்டு எங்கள் அருங்காட்சியகத்தின் பின்புறம் வடிகால் தோண்ட ஒரு ஜேசிபி வந்தது. அன்றைக்குப் பார்த்து மழலையர் வகுப்புப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த எதையும் அவர்கள் சீந்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கெட் மண்ணைக் கொட்டும்போதெல்லாம் "இன்னொண்ணு!" என்று கத்தினார்கள். டீச்சர் எவ்வளவு கூப்பிட்டும் ஒருவரும் நகரவில்லை.

அதனால், வரும் விடுமுறையில் ஒரு நாள் 3 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகக் கட்டுமான வண்டிகளை வளாகத்துக்கே வரவழைக்கிறோம். ஒரு ஜேசிபி, ஒரு டிப்பர், ஒரு கலவை லாரி, நாம் பொக்லைன் என்று சொல்லும் செயின் வண்டி. (ஜேசிபி, பொக்லைன் இரண்டுமே கம்பெனிப் பெயர்கள். ஜேசிபி என்பது 1945இல் அதைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் முதலெழுத்துகள். பொக்லைன் பிரெஞ்சுக் கம்பெனி. எந்த வண்டி வந்தாலும் நம் வாயில் வருவது இந்த இரண்டு பெயர்தான்.)

'தொடாதீர்கள்' பலகை அன்று கிடையாது. சீட்டில் உட்காரலாம், லீவரைப் பிடித்துப் பார்க்கலாம், செயினில் ஒட்டிய மண்ணைச் சுரண்டலாம். பிள்ளைகள் ஏறும் நேரத்தில் வண்டியில் சாவி இருக்காது, பக்கெட் தரையில் இறங்கியிருக்கும், ஆபரேட்டர் பக்கத்திலேயே நிற்பார். ஓட்டிக் காட்டுவது தனி நேரத்தில், கயிறு கட்டித் தள்ளி நிறுத்தி. சத்தத்துக்கு மிரளும் பிள்ளைகளுக்காக முதல் ஒரு மணி நேரம் எந்த எஞ்சினும் ஓடாது.

ஒரு மேஜையில் ஊசி இல்லாத சிரிஞ்சுகள் இருக்கும். மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று, நடுவே குழாய், உள்ளே கலர் தண்ணீர். மெல்லியதைச் சுண்டுவிரலால் அழுத்தினால் தடித்தது ஒரு புத்தகக் கட்டையே தூக்கும். ஆனால் கொஞ்சம்தான் எழும்பும். பொக்லைனின் கைக்குள் எண்ணெய் செய்வதும் இதே வேலைதான். 20 டன் பொக்லைன் ஒரு தடவையில் ஏறக்குறைய 1 கன மீட்டர் மணல் அள்ளும், அதாவது 1,600 கிலோ. 16 கிலோ எடையுள்ள நூறு வாண்டுகள்! இந்தக் கணக்கில் அதிகம் வாய்பிளப்பது அப்பாக்களாகத்தான் இருக்கும்.

சரி, பணம் எதற்கு? வண்டிக்காரர்கள் வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் செயின் வண்டியை ரோட்டில் ஓட்டி வர முடியாது. டிரெய்லரில் ஏற்றி வந்து, இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டும். அத்தனை எடையை எங்கள் முற்றத்துக் கல்தளம் தாங்காது. வாடகைக்கு இரும்புத் தகடு எடுத்து விரிக்க வேண்டும். பெரிய செலவு இந்த இரண்டும்தான். அப்புறம் காப்பீடு, ஆபரேட்டர்களின் ஒரு நாள் கூலி. விடுமுறை நாளில் அவர்களைச் சும்மா வரச் சொல்வது முறையல்ல. பேனருக்கும் மேடைக்கும் ஒரு காசு போகாது. நுழைவுக் கட்டணமும் வைக்கப் போவதில்லை.

பணமாகத் தர இயலாதவர்கள் விளையாட்டு மணல், சிறுவர் ஹெல்மெட், காதுமூடி என எதுவும் தரலாம். அருங்காட்சியக அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வரவுசெலவை வாசலில் ஒட்டுவோம்.

டிரெய்லருக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால் மூன்று வாரம் முன்னதாகவே தந்தால் உதவியாக இருக்கும். தொகை குறைந்தால் மற்ற மூன்றும் டயரில் உருண்டு வந்துவிடும். வராமல் நின்றுபோவது பொக்லைன்தான்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்