ஜொகூர் பாருவில் இருக்கும் மகனுக்கு, உன் சதுரங்கக் கடிகாரத்தைப் பற்றி

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நீ கேட்டபடி, இணையத்தில் சதுரங்கம் ஆடும் லிச்செஸ் தளத்தில் உன் கடைசி 60 ஆட்டத்தையும் பார்த்து முடித்தேன். எல்லாம் 3+0, ஆளுக்கு மொத்தம் மூன்று நிமிடம்தான். ஆட்டத்தை அலசும் ஸ்டாக்ஃபிஷ் நிரல் போடும் மதிப்பெண்ணை மேலோட்டமாகத்தான் பார்த்தேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை விநாடி எடுத்தாய் என்று காட்டும் வரைபடம் இருக்கிறதே, அதில்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வியாதி அங்கேதான் தெரிகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரை இரண்டு காயை ஒரே சமயத்தில் தாக்கும் இடம் உன் கண்ணுக்குத் தப்புவதே இல்லை. யானை, சிப்பாய் முடிவாட்டத்தில் யானையை நான்காவது வரிசைக்குக் கொண்டுவந்து ராஜாவுக்கு மறைப்பு கட்டுகிறாயே, அதை ஒரு ஆட்டத்தில் 9 விநாடியில் முடித்திருக்கிறாய். உன் ரேட்டிங்கில் பலருக்கு அது அரை மணி கொடுத்தாலும் வராது. தோற்கும் நிலையில் ராணியை மாற்றிக்கொள்ளாமல் வைத்திருந்து எதிராளிக்குத் தலைவலி கொடுக்கிறாய். அதுவும் நல்ல குணம். விட்டுவிடாதே.

இப்போது கணக்கு. 27 தோல்வி. அதில் 14 நேரம் முடிந்து போனவை. அந்த 14-ல் 9 ஆட்டத்தில் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்த நேரத்தில் உன் கைதான் மேலே இருந்தது. அதாவது ஆடத் தெரியாமல் நீ தோற்றது கொஞ்சம்தான். நேரம் எங்கே போனது என்று பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே இடம்: 12-ஆவது நகர்த்தலுக்கும் 22-ஆவது நகர்த்தலுக்கும் நடுவில்.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளைக்காயில் ஆடிய ஆட்டத்தைத் திறந்து பார். 17-ஆவது நகர்த்தல். எந்த யானையை டி1 கட்டத்துக்குக் கொண்டுவருவது, ஏ1-ல் இருப்பதையா எஃப்1-ல் இருப்பதையா என்று 52 விநாடி யோசித்திருக்கிறாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்டாக்ஃபிஷ் கணக்கில் ஒரு சிப்பாயில் பத்தில் ஒரு பங்கு. கடைசியில் ஒரு மந்திரி கூடுதலாக வைத்துக்கொண்டு 38-ஆவது நகர்த்தலில் நேரம் முடிந்து தோற்றாய். முடிவாட்டத்தில் நீ அரை விநாடிக்கு ஒரு நகர்த்தல் ஆடுகிறவன். அந்த 52 விநாடி கையில் இருந்திருந்தால் இன்னும் நூறு நகர்த்தல் ஆடியிருக்கலாம், ஐயா.

வேகம் என்றால் கை வேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களை நினைத்துப் பார். நிரையில் நானூறு ஐந்நூறு மரம், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். யாரும் ஓடுவதில்லை. எந்த மரத்துக்கு அடுத்து எந்த மரம், வெட்டு எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்ட விஷயம். பட்டை காய்ந்த மரத்திடம் மட்டும்தான் நின்று பார்ப்பார்கள். நீ ஒவ்வொரு மரத்தடியிலும் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய்.

3+0-ல் உன்னிடம் இருப்பது 180 விநாடி. முதல் 10 நகர்த்தலுக்கு 20 விநாடிக்கு மேல் போகக்கூடாது. 11 முதல் 25 வரை 90 விநாடி, ஒன்றுக்கு 6 வீதம். மீதி 70 விநாடி அதற்குப் பிறகு. நடு ஆட்டத்தில் எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பாய். எண்ண வேண்டாம். இரண்டு இடத்தில் மட்டும் கடிகாரத்தைப் பார்: 10 நகர்த்தல் முடிந்ததும் 2:40, 25 முடிந்ததும் 1:10. குறைவாக இருந்தால் அடுத்த ஐந்தையும் யோசிக்காமல் பாதுகாப்பாக ஆடு. பெரிய செலவு ஒரு ஆட்டத்துக்கு ஒன்றுதான், அதுவும் 20 விநாடிக்குள். ராணிகள் வெட்டுப்படப் போகும்போது, காயைப் பலி கொடுக்கப் போகும்போது, சிப்பாய் முடிவாட்டத்துக்குள் இறங்கும்போது அந்தச் செலவைச் செய். யானையை எங்கே வைப்பது என்பதற்கு இல்லை. இரண்டு நகர்த்தல் சமமாகத் தோன்றினால் முதலில் மனசில் வந்ததை ஆடிவிடு.

யோசனையை எதிராளியின் நேரத்தில் வைத்துக்கொள். அவன் கடிகாரம் ஓடும்போது திட்டம் போடு. உன் கடிகாரம் ஓடும்போது சரிபார்ப்பதோடு நிறுத்து. சரிபார்க்க இரண்டு கேள்வி போதும்: அவன் இப்போது ஆடியதால் எந்தக் காய் காவல் இல்லாமல் போனது, என்னுடைய எந்தக் காய் காவல் இல்லாமல் நிற்கிறது. பிளிட்ஸில், அதாவது இந்த மாதிரி சில நிமிட ஆட்டத்தில், விழுகிற காய்களில் நிறைய முன்கூட்டியே காவலில்லாமல் நின்றவைதான். உன் கண்ணுக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது. பின்னோக்கி வரும் நகர்த்தல் தெரிவதில்லை. எதிராளியின் ராணி மூலைவிட்டத்தில் பின்வாங்கி உன் யானையைத் தூக்கியது நான்கு ஆட்டத்தில். குதிரை பின்னால் குதித்து வெட்டியது இரண்டில். முன்னால் வருவதை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் போவதையும் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். ராஜாவுக்கு மூச்சுவிட ஹெச்3 ஒன்று, வேறு அவசரம் இல்லாத நேரத்தில் ஆடி வைத்துவிடு. கடைசிப் பத்து விநாடியில் பின்வரிசை மேட் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

தொடக்க ஆட்டத்தில் உனக்கு ஆசை அதிகம். ஒரு நாள் கிங்ஸ் கேம்பிட், மறுநாள் நைடார்ஃப், அதற்கடுத்து என்னென்னவோ. பத்து நகர்த்தலுக்கு 45 விநாடி போவது அதனால்தான். ஆறு மாதத்துக்கு ஒன்றையே பிடித்துக்கொள். வெள்ளைக்கு லண்டன் தொடக்கம்: டி4, மந்திரி எஃப்4, ஈ3, குதிரை எஃப்3, சி3. கருப்புக்கு எதற்கும் சி6, டி5. ஈ4-க்கு அது காரோ-கான், டி4-க்கு ஸ்லாவ். சிப்பாய் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான், கைக்குப் பழகிவிடும். லண்டனில் உன்னைக் குத்தப் போவது ஒன்றே ஒன்று. மந்திரி வெளியே போனதும் பி2 சிப்பாய்க்குக் காவல் போய்விடும். கருப்பு சி5 தள்ளி ராணியை பி6-ல் கொண்டுவந்து வைப்பான். சி3 ஏற்கெனவே ஆடியிருந்தால் ராணியை பி3-க்கு எடுத்து எதிரே நிறுத்து. அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள். லண்டன் சலிப்பாக இருக்கிறது என்று நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. இருக்கட்டும்.

பிரிமூவ், அதாவது எதிராளி ஆடுவதற்கு முன்பே உன் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைப்பது, அந்த விஷயத்தில் நீ தலைகீழாக நிற்கிறாய். போட வேண்டிய இடத்தில் போடுவதில்லை, போடக்கூடாத இடத்தில் போடுகிறாய். லிச்செஸில் பிரிமூவுக்கு நேரமே கழியாது. செஸ் டாட் காமில் 0.1 விநாடி கழியும். எது ஆபத்தில்லாத பிரிமூவ்? பதில் வெட்டு. உன் காயை அவன் வெட்டினால் திருப்பி வெட்டுவதற்குப் போட்டு வை. அவன் வெட்டவில்லை என்றால் உன் காய் இருக்கும் கட்டத்துக்கே நீ போக முடியாது. அதனால் பிரிமூவ் தானாகவே ரத்தாகிவிடும், நட்டம் இல்லை. ஆபத்தானது எது? தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுவது. நீ இன்னமும் சில நாள் கருப்பில் ஜி6, அடுத்து மந்திரி ஜி7 என்று பிரிமூவ் போடுகிறாய். வெள்ளை 1. டி4 ஆடுகிறான், உன் ஜி6. அவன் மந்திரியை நேராக ஹெச்6-ல் வைக்கிறான். கண் திறந்திருந்தால் அந்த மந்திரியைச் சும்மா வெட்டிக்கொள்ளலாம். ஆனால் உன் மந்திரி ஏற்கெனவே ஜி7-க்குப் போய்விட்டது. அவன் அதை வெட்டுகிறான், ஹெச்8 யானையும் கூடவே மாட்டிக்கொள்கிறது. பழைய தந்திரம் இது. ஆகஸ்டில் உன்னை ஒருவன் இதே மாதிரி வாங்கியிருக்கிறான். மூன்றாவது நகர்த்தலிலேயே ஆட்டம் போச்சு.

நேர நெருக்கடிக்கு வருகிறேன். இரண்டு பேருக்கும் பத்துப் பத்து விநாடி இருக்கும்போது நீ கண்ட இடத்தில் செக் வைக்கிறாய். எப்போது வைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. எதிராளி பிரிமூவ் போட்டு ஓட்டுகிறான் என்று தெரிந்தால் செக் வை. அவன் போட்டு வைத்தது பெரும்பாலும் செல்லாமல் போகும், நின்று யோசிக்க வேண்டியிருக்கும். அவன் பார்த்துப் பார்த்து ஆடுகிறவன் என்றால் செக் வீண். ராஜா போக ஒரே கட்டம் இருந்தால் அவனுக்கு யோசனையே தேவைப்படாது, உன் விநாடிதான் போகும். அப்போது அமைதியாக ஒரு காயை மிரட்டு. அவன் அதைக் கண்டுபிடிக்கவே மூன்று விநாடி போய்விடும்.

அவனிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும், உன்னிடம் யானை, கடிகாரத்தில் 2 விநாடி. இந்த நிலையில் இரண்டு முறை தோற்றிருக்கிறாய். யானையைக் கொடுத்தாவது அந்தச் சிப்பாயை வெட்டிவிடு. எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் மிஞ்சினால் உன் நேரம் முடிந்தாலும் ஆட்டம் டிரா. பூஜ்யத்துக்குப் பதில் அரைப் புள்ளி.

ராணியை வைத்துத் தனி ராஜாவை மேட் செய்ய எந்த நிலையிலிருந்தும் 10 நகர்த்தல் போதும். யானையால் 16. அரை விநாடி வீதம் கணக்குப் போட்டால் யானைக்கே 8 விநாடி. இதைக் கை தானாகச் செய்ய வேண்டும். தினமும் பசியாறுவதற்கு முன் கணினிக்கு எதிராக ஐந்து தடவை செய். ராணியை எதிராளி ராஜாவிடமிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் வை, அவன் எந்தத் திசையில் போகிறானோ அதே திசையில் நீயும் போ. ஓரத்துக்கு வந்ததும் பின்தொடர்வதை நிறுத்திவிட்டு உன் ராஜாவைக் கொண்டுவா. மூலையில் மட்டும் கவனம். ராஜா ஏ8-ல், உன் ராணி சி7-லோ பி6-லோ நின்றால் ஸ்டேல்மேட், செக் இல்லாமலே அவனுக்கு நகர இடம் இருக்காது, ஆட்டம் டிரா. ஜெயித்த ஆட்டத்தை நீ டிராவாக்கிய இரண்டிலும் இதே கதைதான்.

விடியற்காலை 5:20-க்கு ஆடிய ஆட்டங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். பஸ்ஸில் சிங்கப்பூர் பாலம் தாண்டும்போது ஆடுகிறாய், இல்லையா? அங்கேதான் போன் மலேசிய லைனை விட்டு சிங்கப்பூர் லைனைப் பிடிக்கும். 11 ஆட்டத்தில் 8 தோல்வி. அந்த நேரத்தில் புதிர் போடு, ஆட்டம் வேண்டாம். வீட்டில் மவுஸ் வைத்து ஆடு. விரல் காயை மறைத்துக்கொண்டு ஆடுவது பிளிட்ஸுக்குச் சரிவராது. 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) கம்பி உள்ள மவுஸ் கிடைக்கும். அமைப்பில் போய் சிப்பாய் தானாகவே ராணியாகும்படி வை, நகர்த்தலை உறுதிப்படுத்தக் கேட்பதை அணைத்துவிடு. ஸென் மோடைப் போட்டால் எதிராளியின் ரேட்டிங் கண்ணில் படாது. 2000-ஐப் பார்த்தாலே கை நடுங்கும் பழக்கம் உனக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு.

இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் எழுந்து போய் ஒரு கோப்பி கலக்கு. உன் வரைபடத்தில் மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஆடிய எந்த ஆட்டமும் 25 நகர்த்தலைத் தாண்டவில்லை. அது ஆட்டமே இல்லை, கோபம்.

"சின்னப் பையன்கள் கை வேகம் எனக்கு வராதும்மா" என்றாய். 29 வயதில் சொல்கிற பேச்சா இது? ஆனந்த் 2017-ல் ரியாத்தில் உலக ரேபிட் (விரைவுச் சதுரங்க) பட்டத்தை வென்றபோது அவருக்கு 48 வயது. அதே ஊரில் தொடர்ந்து நடந்த பிளிட்ஸிலும் மூன்றாவதாக வந்தார். அந்த பிளிட்ஸ் 3+2, அதாவது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடும். நீயும் 3+0-ஐ விட்டு அதற்கு மாறு. 60 நகர்த்தல் ஆட்டத்தில் மொத்தம் 300 விநாடி கிடைக்கும், உன் முடிவாட்டத் திறமைக்கு வேலை வரும். 3+0-ல் அது உறையிலேயே கிடக்கிறது.

ஒரு நிமிட புல்லட் ஆட்டத்தின் பக்கம் ஒரு மாதம் போகாதே. வாரத்தில் மூன்று நாள் 15+10-ல் ஒரே ஆட்டம் ஆடி, கணினி இல்லாமல் பத்து நிமிடம் நீயே அலசு, பிறகு ஸ்டாக்ஃபிஷைத் திற. மற்ற நாள் 3+2-ல் ஆறு ஆட்டம், அதற்கு மேல் வேண்டாம். லிச்செஸில் புதிர்களை வேகமாகப் போடும் பஸிள் ஸ்டோர்ம் வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் அது முறுக்கு மாதிரி, வயிறு நிறையாது. கடிகாரம் இல்லாத புதிர் பத்து, ஒவ்வொன்றும் கடைசி நகர்த்தல் வரை மனசில் பார்த்த பிறகே கையை வைப்பது என்று போடு. அதுதான் சோறு.

ஞாயிறு இரவு 9 மணிக்கு அப்பா தூங்கப் போனதும் இங்கே லைன் நன்றாக இருக்கும். 3+2, நான்கு ஆட்டம். நான் கருப்பு எடுத்துக்கொள்கிறேன். பி2-வைத்தான் முதலில் குத்துவேன்.

அன்புடன்,
அம்மா