முதியோர் குடியிருப்புகளும் இரவு நேர அழைப்பு மணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தைச் சுற்றியும் ஏற்காடு மலை மீதும் மூத்த குடிமக்களுக்கென்று கட்டப்படும் குடியிருப்புகளின் விளம்பரங்களில், தோட்டம், நடைபாதை, வேளாவேளைக்குச் சாப்பாடு ஆகியவற்றோடு ‘நவீனத் தொழில்நுட்ப வசதி’ என்ற வரியும் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, அத்தகைய குடியிருப்பு ஒன்றில் மனைவியோடு வசிப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் எது எங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது, எது பேருக்கு இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

வயதானவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்று கீழே விழுதல். உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறப்பதாகவும், அவ்வாறு இறப்போரில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விழுந்தால் எலும்பு முறியும் என்பது எல்லோருக்கும் தெரியும். விழுந்தவர் எழ முடியாமல் தரையிலேயே கிடக்கும் நேரம் எவ்வளவு கெடுதலானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசைகள் நசிந்து, அவற்றிலிருந்து வெளியாகும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். உடலில் நீர் வற்றும். அழுத்தம் பட்ட இடத்தில் புண் உண்டாகும். தனி வீட்டில் வசிக்கும் ஒருவர் இரவு குளியலறையில் விழுந்துவிட்டால், விடிந்து பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை அவர் அப்படியே கிடக்க நேரலாம். அந்த நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்க முடிவதுதான் ஒரு முதியோர் குடியிருப்பில் தொழில்நுட்பம் தரக்கூடிய ஆகப் பெரிய நன்மை என்பது என் கருத்து.

இதற்காக இப்போது பல கருவிகள் வந்துள்ளன. கையில் கட்டும் கடிகாரம், உடல் திடீரென்று சரிந்து, மோதி, பிறகு அசையாமல் போவதை வைத்து ஆள் விழுந்துவிட்டதாகக் கணிக்கிறது. ஆனால் வயதானவர்கள் பல நேரங்களில் தடாலென்று விழுவதில்லை; சுவரைப் பிடித்தபடியே மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அதைக் கடிகாரம் கவனிக்காமல் விட்டுவிடக்கூடும். குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. ரேடியோ அலைகளை அனுப்பி, அவை திரும்பி வரும் விதத்தைக் கொண்டு ஆள் நிற்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்று அறியும் சிறிய ரேடார் பெட்டி இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. அது படம் எதுவும் எடுக்காது என்பதால் குளியலறையில் வைக்கவும் கூச்சப்பட வேண்டியதில்லை. இருந்தாலும், விலை குறைவாகவும் நம்பகமாகவும் இருப்பது, இழுத்தால் மணி அடிக்கும் சாதாரணக் கயிறுதான். அதைத் தரை வரை தொங்கவிட வேண்டும். துடைக்கும்போது இடைஞ்சல் என்று சொல்லி, பணியாளர்கள் அதைத் தோளுயரத்துக்குச் சுருட்டிக் கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தரையில் கிடப்பவரின் கைக்கு எட்டாத கயிறு இருந்தென்ன, இல்லாமற்போனால் என்ன?

என் தொழில் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய தாமிரக் கம்பித் தொலைபேசிக்குத் தேவையான 48 வோல்ட் மின்சாரம், எக்ஸ்சேஞ்சில் இருந்த பேட்டரிகளிலிருந்து அதே கம்பி வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மட்டும் வேலை செய்தது. இப்போதைய ஃபைபர் இணைப்பில் செல்வது ஒளி மட்டுமே. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கொண்டுவராது. அவசரப் பொத்தான் வைஃபையை நம்புகிறது, வைஃபை ரூட்டரை நம்புகிறது, ரூட்டரோ சுவரில் உள்ள ப்ளக்கை நம்புகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மழைக்காலத்தில் மரம் முறிந்து மின்கம்பி மீது விழுந்தால் இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே நொடியில் அறுந்துபோகும். மின்தடை நீண்டால், பேட்டரியும் டீசலும் தீர்ந்த பிறகு செல்போன் டவரும் ஓய்ந்துவிடும். ‘எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது’ என்று நிர்வாகம் சொல்லும். அது லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமா, அழைப்பு மணிப் பலகைக்கும் ரூட்டருக்கும் சேர்த்தா என்பதை வீடு பார்க்க வருபவர்கள் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஜெனரேட்டர் உயிர்பெறுவதற்குள் அணைந்துபோன ரூட்டர், மறுபடி இணைப்புக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். ரூட்டருக்கென்று ஒரு சிறிய யூ.பி.எஸ். பொருத்தினால் போதும், குடியிருப்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

ஏற்காட்டில் குடியேற நினைப்பவர்கள் மற்றொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கிறது அந்த ஊர். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். பனிமூட்டத்தில் மலையிறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், வாய் கோணியதையோ பேச்சு குழறியதையோ உடனே கவனித்து 108-ஐ அழைக்கும் உதவியாளர், எந்த வீடியோ ஆலோசனையையும்விட அங்கே முக்கியமானவர். அதற்காக வீடியோ ஆலோசனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வழக்கமான மாத்திரையைத் தொடரலாமா, மாற்றலாமா என்று கேட்பதற்காக 80 வயதுக்காரர் மலையிறங்கி ஏற வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல். மத்திய அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி வழியாக அரசு மருத்துவர்களிடம் கட்டணமின்றிக் கலந்தாலோசிக்கலாம். பணம் கட்டி வசிக்கும் குடியிருப்புகளில் இது பலருக்குத் தெரியாமல் இருப்பது வியப்பாக இருக்கிறது.

அன்றாட வாழ்க்கையில் வந்துள்ள மாற்றங்களும் சிறியவை அல்ல. நவம்பர் மாதம் வந்தால் உயிர்வாழ்வுச் சான்றுக்காக வங்கி வாசலில் காத்திருந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள், 2014 முதல் கைரேகை மூலமும், 2021 முதல் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியும் அதை முடித்துக்கொள்கிறார்கள். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கு இரண்டாவது வழி ஒரு வரம். செவித்துணைக் கருவியில் பட்டாணி அளவு பேட்டரியை நடுங்கும் விரல்களால் மாற்றத் தெரியாமல் அதையே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டவர்கள், சார்ஜ் செய்யும் கருவி வந்த பிறகு மீண்டும் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சில் கலந்துகொள்கிறார்கள். காது கேளாமை மறதி நோய்க்கான ஆபத்தை அதிகரிக்கிறது என்று மருத்துவ ஆய்வாளர்கள் சொல்லும்போது, இதை வெறும் வசதி என்று ஒதுக்க முடியாது. தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளும் செல்போனைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

கேமரா விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், அம்மாவின் அறைக்குள் கேமரா பொருத்தி அங்கிருந்தே பார்த்துக்கொள்ள விரும்புகிறார்கள். அக்கறையில் செய்வதுதான் என்றாலும், புடவை மாற்றும்போதும் பிரார்த்தனை செய்யும்போதும் யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடு வாழ யாரால் முடியும்? பொது வழியில் கேமரா இருக்கட்டும். அறைக்குள் வேண்டுமா என்பதை அங்கே வசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், வாடகை கட்டும் மகன் அல்ல.

இத்தனை கருவிகளும் கடைசியில் இரவுப் பணியில் இருக்கும் ஒருவரிடம்தான் போய்ச் சேருகின்றன. மூன்று மாடிக்கு ஒரே உதவியாளர் என்றால், மணி எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அவர் ஓடி வரும் வேகம்தான் அதன் வேகம். தப்பு மணி அடிக்கடி அடித்தால், மெய்யான மணிக்கும் அவர் மெதுவாகத்தான் எழுவார். நல்ல வேளையாக இதை அளக்க வழியிருக்கிறது. இப்போதைய அழைப்பு மணி அமைப்புகள் பலவற்றில் மணி அடித்த நேரமும் அது அணைக்கப்பட்ட நேரமும் தாமாகவே பதிவாகின்றன. அணைக்கும் பொத்தான் வசிப்பவரின் அறைக்குள் இருக்க வேண்டும். வரவேற்பறைப் பலகையிலிருந்தே அணைத்துவிட முடியும் என்றால் அந்தப் பதிவை நம்ப முடியாது.

ஓய்வுகாலக் குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில் இல்லம் அமைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. வசதி படைத்தவர்கள் ரேடாருக்குப் பணம் கொடுப்பார்கள். அறக்கட்டளைகளின் இலவச இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தரை வரை தொங்கும் கயிறும் மின்தடையிலும் அடிக்கும் மணியும் கிடைத்தாலே பெரிது. ஆகவே முதியோர் இல்லங்களை ஆய்வு செய்யும் மாவட்டச் சமூக நல அலுவலகம், சமையலறையையும் பதிவேட்டையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், முன்னறிவிப்பின்றி ஓர் இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏதேனும் ஒரு குளியலறையின் கயிற்றை இழுத்துப் பார்க்கவும், ஆள் வந்து சேர எடுத்த நேரத்தை ஆய்வறிக்கையில் எழுதவும் மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
கன்னங்குறிச்சி, சேலம்.