பெட்டியை நீயே வந்து எடுத்துக்கொள், பாப்பா

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

அப்பாவுக்கு இனிப்புநீர் கட்டுக்குள் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

'தூக்கிப் போடுங்கம்மா' என்றாயே, உடைந்த மண்பாண்டங்களை நீ ஒட்டுகிற அந்த ஒட்டுவேலைப் பெட்டியை நான் போடவில்லை. திறந்தால் எதுவும் சரியாக இல்லை. உன் நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

களிமண் ஓரம் காய்ந்து, நடுவில் ஈரமாக இருந்தது. அரை ஈரத்தில் ஊறப்போட்டால் சரியாகக் கரையாது என்று எழுதியிருக்கிறாய். உடைத்து, முழுக்கக் காயவைத்து, தண்ணீரில் போட்டுக் கிளறாமல் விட்டேன். தானாகவே பொலபொலவென்று உதிர்ந்து சேறாகிவிட்டது. மேல்தண்ணீரை வடித்துத் துணியில் பரப்பியிருக்கிறேன். பாரலாய்ட் பி-72 பசை ஜாடிக்குள் கண்ணாடியாக இறுகிப்போயிருந்தது. அதைக் கரைக்கிற அசிட்டோன் ஊற்றி, இறுக்கி மூடி, அவ்வப்போது ஆட்டிவிட்டேன். மறுநாள் பசையாகிவிட்டது. ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் செய்தேன், பயப்படாதே. எப்பாக்சி பிசின் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிற்கவைத்ததும் தெளிந்துவிட்டது. பிளாஸ்டர் மாவு மட்டும் ஈரம் குடித்துக் கட்டியாகிவிட்டது, அதைப் போட்டுவிட்டேன்.

பெரியம்மா வீட்டு லாபு சாயோங் மண்கூஜாவுக்கு நீ ஒட்டிய கழுத்து அப்படியே நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார், ஒட்டே தெரியவில்லை என்கிறார்கள். அந்தப் பாரலாய்ட் பசை 40 டிகிரியிலேயே இளகும், தகரக் கூரைக்கடியில் வைக்காதீர்கள் என்று நீ சொன்னதால் நடுவீட்டு அலமாரிக்கு மாற்றிவிட்டார். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு ஏன் பாப்பா போடச் சொன்னாய்? யாராவது வேண்டாம் என்றார்களா? சரி, விடு.

போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். குளிக்கிறாள் என்கிறார், தூங்குகிறாள் என்கிறார். இரவு ஏழு மணிக்குத் தூங்குகிற பிள்ளையா நீ? நான் பெற்றவள், எனக்குத் தெரியாதா? வேலை அலுப்பாக இருக்கும். மாப்பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெற்ற தாயிடம் இரண்டு வார்த்தை பேச எவ்வளவு நேரம் ஆகும்? வேளைக்குச் சாப்பிடு. கல்யாணத்துக்கு முன் இருந்த உடம்பு போட்டோவில் இல்லை.

பெட்டியை பஸ்ஸில் போட்டு அனுப்பலாம் என்றார் அப்பா. அசிட்டோன் தீப்பிடிக்கிற சாமான், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். நீயே வந்து எடுத்துக்கொள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. அவரிடம் பெட்டி எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் போதும். ஜொகூர் பாரு லார்க்கினில் பஸ் ஏறியதும் அப்பா போனுக்குக் கூப்பிடு. எந்த நேரமானாலும் ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்தில் வந்து நிற்பார். உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

அம்மா