வீட்டில் பேசும் மொழியை உள்ளபடி எழுதித் தாருங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கேரளப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை எடுக்கும் ஆறாம் வேலைநாள் கணக்கு முடிந்து, சேர்க்கைப் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'தாய்மொழி' என்ற கட்டத்தில் பல இடங்களில் உள்ளது உள்ளபடி எழுதப்படவில்லை. அதைத் திருத்தவே இந்தக் கடிதம்.

சென்ற வாரம் ஒன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் "போக, போக" என்று அழுதான். வெளியே போகக் கேட்கிறான் என்று எண்ணிய ஆசிரியை அவனைக் கழிப்பறைக்கு அனுப்பினார். திரும்பி வந்தும் அழுகை ஓயவில்லை. வீட்டுக்குப் போகக் கேட்கிறான் போலும் என்று மடியில் வைத்துத் தேற்றினார். நான்காம் வகுப்பில் படிக்கும் ஒடிசாச் சிறுமி ஒருத்தி வந்து கேட்ட பிறகுதான் விளங்கியது: ஒடியாவில் 'போக' என்றால் பசி. தாயும் தந்தையும் விடியுமுன்னே செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். பிள்ளை வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான். அவனது படிவத்தில் தாய்மொழி 'இந்தி' என்று இருந்தது. சேர்க்கையன்று உடன் வந்த மேஸ்திரி சொன்னதை நாங்கள் அப்படியே எழுதிக்கொண்டோம். பசி என்று ஒரு குழந்தை திரும்பத் திரும்பச் சொல்லியும் எங்கள் காதில் அது ஏறவில்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

பிழை அந்த ஒரு படிவத்தோடு நிற்கவில்லை. எரவாளர் பழங்குடி வீடுகளில் சிலர் தங்கள் பேச்சைச் சொல்லக் கூச்சப்பட்டு 'தமிழ்' என்றே எழுதியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே தோப்பும் வயலும் வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பங்களும் அப்படியே. எந்த மொழியை எழுதினாலும் யாருடைய சேர்க்கையும் தமிழ்ப் பிரிவிலிருந்து மாறாது. சலுகை எதுவும் குறையாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, வடக்கத்திப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கும்படி கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இடம்பெயர்ந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையை உறுதிசெய்வது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி கடமை. ஆனால் சட்டத்தைக் காட்டி உங்கள் வாயை அடைப்பது என் நோக்கம் அல்ல. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் வாழ்ந்த தமிழர்களாகிய நாம் கேரளத்தில் சிறுபான்மையானோம். நம் பிள்ளைகள் இன்றும் தமிழில் படிக்கத் துணை நிற்பது, அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. அதில் தமிழ் என்ற பெயர் இல்லை. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் என்றே இருக்கிறது. நமக்காக நீட்டிய கையை அந்தச் சூளைப் பிள்ளைக்கு மட்டும் எப்படி மடக்குவது? ஒடியாவில் பாடம் நடத்த இன்று நம்மிடம் ஆசிரியர் இல்லை. அவன் பசிக்கிறது என்றால் புரிந்துகொள்ளவாவது நம்மால் முடியும்.

'காலனிப் பிள்ளைகள்' என்ற பேச்சும் வகுப்பறைக்குள் வருகிறது. குழந்தைகள் அதை வீட்டில்தான் கற்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று கேரள அரசே 2024 ஜூனில் ஆணையிட்டது. தயவுசெய்து பிள்ளைகளின் முன் அதைச் சொல்லாதீர்கள்.

திருத்தப் படிவம் இன்று பிள்ளைகளின் பையில் வரும். வீட்டில் அம்மா குழந்தையிடம் எந்த மொழியில் பேசுகிறாரோ அதை எழுதுங்கள். இரண்டு மொழி என்றால் இரண்டையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்வோம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வந்தாலும் அலுவலகம் திறந்திருக்கும். சூளைக்கும் தோப்புச் சாளைகளுக்கும் சனிக்கிழமை நாங்களே வருகிறோம்.

வரும் புதன்கிழமை பிற்பகல், ஒடிசாவைச் சேர்ந்த தாய் ஒருவர் எங்கள் ஆசிரியர்களுக்குச் சில சொற்கள் கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்: பசி, தாகம், வலி, பயம், காய்ச்சல். எரவாளர் பேச்சு தெரிந்த பெற்றோர் யாராவது அடுத்த புதனுக்கு வர முடியுமானால், பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை