836ங்கற கணக்குல எங்க மாமாவும் இருக்காரா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நம்ம நாட்டுல 836 பேருக்கு ஒரு டாக்டர் இருக்கார்னு 2024ல மத்திய அரசு பார்லிமென்ட்ல சொன்ன பதிலை எல்லாரும் எடுத்துக்காட்டிட்டு இருக்காங்க. அது எப்படி வந்துச்சுன்னு நானே பேப்பர்ல போட்டுப் பாத்தேன். 2024 ஜூலை நிலவரப்படி மருத்துவ கவுன்சில்கள்ல பதிஞ்ச அலோபதி டாக்டருங்க 13,86,136 பேர், அதுல 80 சதவீதம் பேர் வேலையில இருப்பாங்கன்னு ஒரு அனுமானம், அது 11 லட்சத்து சொச்சம், அதோட ஆயுஷ் (சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி மாதிரி) டாக்டருங்க 5.65 லட்சத்தைக் கூட்டி 140 கோடி ஜனத்தை வகுத்தா 836 வந்துடுது. ஆயுஷை எடுத்துட்டுப் போட்டா சுமார் 1,260 பேருக்கு ஒருத்தர். சித்த வைத்தியத்தை நான் குறைச்சு சொல்லல, காய்ச்சல்னா எங்க வீட்ல நிலவேம்புதான், ஆனா சிசேரியன் பண்ண ஆள் இருக்கான்னு கேக்கறப்போ ரெண்டையும் ஒண்ணா கூட்டக்கூடாதுல்ல.

அந்த 80 சதவீதம்தான் என்னை உறுத்துது. எங்க மாமா டாக்டர், தவறி 9 வருஷம் ஆச்சு. இறப்பு சான்றிதழை வெச்சுக்கிட்டு பேங்க், எல்ஐசி, தாலுகா ஆபீஸ்னு அலைஞ்சோமே தவிர கவுன்சில்ல பேரை எடுக்கணும்னு எங்க யாருக்கும் தோணல, யாரும் கேக்கவும் இல்ல. அவரோட ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட் இன்னும் அத்தை வீட்டு ஹால்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கு. அவர்கூட படிச்ச ரெண்டு பேர் லண்டன்லயே செட்டில் ஆயிட்டாங்க. இவங்கள்லாம் பட்டியல்ல இருக்காங்களா இல்லையான்னு யார் பாக்கறது?

பிரிட்டன்ல பதிவுல இருக்கறது வேற, பிராக்டிஸ் பண்ற லைசென்ஸ் வேற, 2012 கடைசியிலேர்ந்து லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க பொதுவா 5 வருஷத்துக்கு ஒரு தடவை தகுதி மறுபரிசீலனைக்கு வரணும். இங்கயும் 2024 ஆகஸ்ட்ல ஆதாரோட இணைச்சு தேசிய மருத்துவப் பதிவேடு ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், ரெண்டு ஸ்டேட்ல பேர் இருக்கறவங்களைக் கண்டுபிடிச்சிடலாம். ஆனா ஒருத்தர் எந்த ஊர்ல உக்காந்து நோயாளி பாக்கறார்னு ஆதார் நம்பர் சொல்லாதே.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் மூணே கேள்வி கேட்டா போதும், இப்ப நோயாளி பாக்கறீங்களா, எந்த தாலுகா, வாரத்துக்கு எத்தனை நாள். வந்த பதிலை தாலுகா வாரியா போடுங்க. எங்க தாலுகாவுக்கு நேரா என்ன நம்பர் வருதுன்னு நான் பாக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்