அம்மானுக்கு, வெட்டி ஒட்டிய இசையைப் பற்றி

அன்புள்ள அம்மான் அவர்களுக்கு,

சென்ற முறை முன்னோருக்குப் படைப்பு வைத்த அன்று இரவு, பந்தி முடிந்து எல்லோரும் வீட்டுக் கூடமான பட்டாலையில் சாய்ந்திருந்தபோது நான் ஒரு பாட்டைப் போட்டேன். பாதியிலேயே நீங்கள் எழுந்து முகப்புக்குப் போய்விட்டீர்கள். மறுநாள் பஸ் ஏறும் முன், "யாரோ உயிரைக் கொடுத்து வாசித்ததை வெட்டி ஒட்டி விற்கிறார்கள். அதை ஜாஸ் என்று என்னிடமே போட்டுக் காட்டுகிறாயே" என்றீர்கள். அதில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து மனது கேட்கவில்லை. உங்களைப் போலவே நினைப்பவர்கள் பலர் இருப்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எனக்கு இந்த இசையைக் காட்டியவரே நீங்கள்தான். பினாங்கிலிருந்து வந்த தேக்கு இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து, தட்டை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முதலில் கேட்டது அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே'. இரண்டாம் பக்கத்தில் ஜான் மெக்லாஃப்லினின் கிட்டார் தயங்கித் தயங்கித் தொடங்கும். (பின்னாளில் விநாயக்ராமின் கடத்தோடு 'சக்தி' குழுவில் வாசித்தாரே, அவரேதான். கடம் என்றால் நமக்குப் பக்கத்து மானாமதுரை அல்லவா!) பக்கம் முடியும் நேரத்தில் அதே மெட்டு மறுபடியும் வரும். "பார், இவ்வளவு நேரம் கழித்தும் அதே மூச்சில் வாசிக்கிறார்கள்" என்று கண்ணை மூடிக்கொள்வீர்கள்.

அம்மான், அவர்கள் மறுபடி வாசிக்கவில்லை.

1969 பிப்ரவரி 18 அன்று, நியூயார்க்கில் ஒரே நாளில் பதிவான இசை அது. அந்த ஒலிநாடாக்களை வைத்துக்கொண்டு தியோ மசேரோ என்ற தயாரிப்பாளர் வெட்டினார், ஒட்டினார். தொடக்கத்தில் வரும் நான்கு நிமிடச் சொச்சத்தை அப்படியே பிரதியெடுத்துக் கடைசியிலும் சேர்த்தார். முதல் பக்கத்திலும் இதே வேலைதான். இதைத் தெரிந்துகொண்ட இரவு நான் அந்தத் தட்டை மூன்று முறை கேட்டேன். எனக்கு அது துளியும் குறையவில்லை. ஒலி ஒன்றேதான், ஆனால் நடுவில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்ட காதுக்கு அந்த நான்கு நிமிடம் வேறாகப் படுகிறது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அதே நிலைப்படியில் நிற்பதைப் போல.

நான் அன்று போட்ட பாட்டுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. அது அஸ் த்ரீ என்ற லண்டன் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டது. அதில் உருளும் பியானோ, ஹெர்பி ஹான்காக் 1964இல் புளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த 'கேண்டலூப் ஐலண்ட்' இசையிலிருந்து வெட்டி எடுத்தது. அந்த நிறுவனமே தன் பழைய பதிவுகளை அவர்களுக்குத் திறந்துவிட்டது. திருட்டு என்று நீங்கள் நினைத்திருந்தால் அந்தக் கவலை வேண்டாம். அதற்கு மேல் புதிதாக ஒருவர் டிரம்பெட் வாசிக்கிறார்; அந்த டிரம்பெட்டுக்காகவே நான் அதை இத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு உங்களோடு எத்தனை முறை வந்திருப்பேன்! இடிந்த வீட்டின் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்து, "பர்மா மரம், இன்னும் நூறு வருடம் நிற்கும்" என்பீர்கள். அதை ஒருவர் வாங்கிப்போய்ப் புது வீட்டில் நட்டால் மகிழ்வீர்கள். கதவை அறுத்து மேசையாக்கினால் முகம் சுளிப்பீர்கள். எனக்கும் அந்தச் சுளிப்பு உண்டு. பழைய பாடகியின் குரலுக்கு அடியில் ஒரே மாதிரியான தாளத்தை ஓட்டிவிட்டு ரீமிக்ஸ் என்று பெயர் வைக்கிறார்களே, அதை என்னால் ஒரு நிமிடம்கூடக் கேட்க முடிவதில்லை. அவர்கள் அந்தக் குரலைக் கேட்டதற்கான அடையாளமே அதில் இருக்காது.

மகாயா மெக்ரேவன் அப்படிப்பட்டவர் அல்லர். சிகாகோவில் இருக்கும் டிரம்ஸ் கலைஞர். முன்கூட்டி எதையும் எழுதிவைக்காமல் நண்பர்களோடு மேடையில் வாசித்தார். அப்படிச் சேர்ந்த பதிவு ஏறத்தாழ 48 மணி நேரம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், தான் அடித்த அடியையே வெட்டி, சுழலவிட்டு, அடுக்கி 'இன் த மொமென்ட்' என்ற தொகுப்பாக 2015இல் வெளியிட்டார். எது அந்தக் கணத்தில் பிறந்தது, எது பிறகு கோத்தது என்று என் காதால் பிரிக்க முடியவில்லை. நடுவில் கூட்டத்தின் கைதட்டல் வரும்போது மட்டும், இது ஓர் அறையில் மனிதர்கள் வாசித்தது என்று நினைவுக்கு வந்து உடல் சிலிர்க்கிறது. முதன்முதலில் அந்தத் தேக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்த பிறகு, அப்படிச் சிலிர்த்தது இதற்குத்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை வரும்போது அந்த 'சைலன்ட் வே' தட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். மாடியில் இருக்கும் பெட்டிக்குப் புது ஊசி வாங்கிப் போட்டுவிட்டேன். முதலில் உங்கள் தட்டை முழுதாகக் கேட்போம். பிறகு, மைல்ஸின் அந்தக் கால நாடாக்களையே எடுத்து பில் லாஸ்வெல் என்ற தயாரிப்பாளர் வேறு விதமாகச் சேர்த்த 'பந்தலாசா'வைப் போடுகிறேன். 1998இல் வந்தது. அது தொடங்குவதே உங்கள் மெட்டில்தான். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன். முகப்புக்கு மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்